டிக்ஷனரியில ஒரே ஊர் ரெண்டு தடவை வருது, அவசரம்

மல்லிச்சிட்டை · இரவு 9.12
அண்ணன்மாரே அக்காமாரே, அவசர உதவி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மாமாவுக்குக் கமிஷன் கடை. ஊர்வாரியா வரத்து கூட்டுறதுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் குடுத்தேன். ஒரு பேருக்கு நேரா ஒரு மதிப்பை வைக்கிற டிக்ஷனரிலதான் போட்டேன்: ஊர் பேர் கீ (தேடுற பேர்), கிலோ வேல்யூ (அதுக்கு நேரா நிக்கிற மதிப்பு). டிக்ஷனரில ஒரு கீ ஒரு தடவைதான இருக்கணும்? எனக்கு ஒரே ஊர் ரெண்டு வரியா வருது. எழுத்துப் பிழை இல்ல, பத்து தடவை பாத்துட்டேன். விடியக்காலை 4 மணிக்குச் சிட்டை குடுக்கணும், முகூர்த்த நாள் வேற.

தல்லாகுளத்தான் · 9.19
எந்த மொழி தம்பி? டிக்ஷனரின்னு பைத்தான்லயும் சொல்லுவாக, சி ஷார்ப்லயும் சொல்லுவாக, ஸ்விஃப்ட்லயும் சொல்லுவாக. கோட் எங்க? டேட்டா எங்கிருந்து வருது? பேருக்குப் பின்னாடி ஸ்பேஸ் இருக்கும். பத்துக்கு எட்டு கேஸ் அதுதான்.

மல்லிச்சிட்டை · 9.21
பைத்தான்ணே. முன்னாடி பின்னாடி ஸ்பேஸ வெட்டுற ஸ்ட்ரிப் போட்டாச்சு. கோட் பெருசா ஒண்ணும் இல்ல, கீ இருந்தா கூட்டு, இல்லன்னா புதுசா போடு, அவ்வளவுதான்.

பழைய_பாஸ்கல் · 9.30
"அவ்வளவுதான்"னு எழுதுறவங்களுக்கு எப்படி உதவுறது? இந்தக் காலத்துப் பிள்ளைங்க, கீயை ஹாஷ்ங்கிற ஒரு எண்ணா மாத்தி அதை வச்சு இடம் தேடுற ஹாஷ் டேபிள் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாமலே டிக்ஷனரில கை வைக்கிறீங்க. ரெண்டு கீக்கு ஒரே ஹாஷ் வந்தா மோதல் வரும். உங்களுக்கு நடந்தது அதுதான். டேட்டா ஸ்ட்ரக்சர் முதல் பாடத்தைப் படிச்சிட்டு வாங்க.

வண்டியூர்க்காரி · 9.38
ஐயா, மோதல் இதுக்குக் காரணம் ஆகாது. வேற வேற கீக்கு ஒரே ஹாஷ் வந்தாலும் டேபிள் அடுத்து ரெண்டும் சமமான்னு கேட்டுப் பாக்கும். சமம்னா ஒரே இடம், இல்லன்னா தனித்தனி இடம். ஒரே கீ ரெண்டு இடத்துல உக்காராது. அப்ப ரெண்டு வரி வருதுன்னா, நம்ம கண்ணுக்கு ஒண்ணா தெரியிற பேர் பைத்தானுக்கு வேற வேறயா தெரியுது. தம்பி, எந்தெந்த ஊர் ரெண்டா வருது, எது ஒழுங்கா வருதுன்னு ரெண்டு பக்கமும் எழுதுங்க.

ஆனைமலை · 9.41
சி பிளஸ் பிளஸ்ல எழுதியிருந்தா இந்த வம்பே இல்ல. அதுல டிக்ஷனரி மாதிரி இருக்கிற மேப் ஒரு சமநிலை மரம், கீயை எப்பவும் வரிசைப்படுத்தியே வைக்கும். ரெண்டா வர்ற ஊர் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும், அன்னைக்கே கண்ணுல பட்டிருக்கும்.

தல்லாகுளத்தான் · 9.44
பைத்தான் 3.7-லேருந்து டிக்ஷனரி போட்ட வரிசைய மாத்தாது. அத வச்சே துப்பு பிடிக்கலாம். அந்த ரெண்டாவது வரியெல்லாம் எங்க வந்து நிக்குது, நடுவுலயா கடைசிலயா?

மல்லிச்சிட்டை · 9.52
கடைசில.
ரெண்டா வர்றது: சோழவந்தான், நிலக்கோட்டை, கொட்டாம்பட்டி
ஒழுங்கா வர்றது: மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர், சேடபட்டி
நிலக்கோட்டை முதல் வரி 212.5, கடைசி வரி 38.

வண்டியூர்க்காரி · 9.55
உங்க பட்டியலை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. சோ, கோ, கொ. ரெண்டா வர்ற ஊர் எல்லாத்துலயும் கொம்பும் காலும் சேந்து வருது. மேலூர், பேரையூர், சேடபட்டில கொம்பு மட்டும், கால் இல்ல.

ஊர் பேர் ரெண்டு வழில உள்ள வருதா? ஒரு வழி பழைய ஃபைலா?

மல்லிச்சிட்டை · 9.58
ஆமாக்கா. கடை கம்ப்யூட்டர்ல ஊர் லிஸ்ட்ல தட்டி எடுக்குறது. அந்த லிஸ்ட் பழைய ஃபாண்ட்ல டைப் பண்ணி வச்சிருந்தாங்க, கன்வெர்ட்டர்ல யூனிகோடா மாத்தினேன். சாயங்காலம் வர்ற மூட்டைய மட்டும் தம்பி போன்ல அடிக்கிறான்.

வண்டியூர்க்காரி · 10.06
அப்ப இதுதான். யூனிகோட்ல ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் உண்டு. அதுல "சோ"வ ரெண்டு விதமா எழுதலாம். ச-வுக்குப் பக்கத்துல ஓகாரக் குறி ஒண்ணு, அது 3019. இல்லன்னா ச-வுக்குப் பக்கத்துல ஏகாரக் குறி 3015, அப்புறம் கால் 3006, ஆக ரெண்டு. திரைல ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான். யூனிகோட் தரமே ரெண்டும் சமம்னு சொல்லுது. ஆனா பைத்தான் ஸ்ட்ரிங்க, அதாவது எழுத்து வரிசைய, ஒப்பிடும்போது தரத்தைப் பாக்காது, எண்ணை மட்டும்தான் பாக்கும்.

பழைய ஃபாண்ட்ல கொம்பு, எழுத்து, காலுன்னு மூணு துண்டா அடிப்போம். சில கன்வெர்ட்டர் கொம்ப எழுத்துக்குப் பின்னாடி நகத்திட்டு அதோட விட்டுரும், கொம்பையும் காலையும் ஒட்டாது. போன் கீபோர்டு ஒட்டியே குடுக்கும்.

ரெண்டு சோழவந்தானுக்கும் நீளம் எண்ணுற லென் போட்டுப் பாருங்க. 10-ம் 11-ம் வரணும். ஒவ்வொரு எழுத்தா ஓ-ஆர்-டி ஃபங்ஷன்ல விட்டா எண்ணும் தெரிஞ்சிரும். நடுவுல 8204 வந்தா மட்டும் எனக்குச் சொல்லுங்க, அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடுப்பான். ஸ்ட்ரிப் அதை எடுக்காது, அதுக்கு வேற வழி பண்ணணும்.

மல்லிச்சிட்டை · 10.11
10, 11. 8204 இல்ல. என்ன பண்ணணும்?

வண்டியூர்க்காரி · 10.14
யூனிகோட்டேட்டான்னு மாட்யூல் பைத்தானோடயே வரும், தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டாம். அதுல நார்மலைஸ் ஃபங்ஷன். வடிவத்துக்கு என்.எஃப்.சி.ன்னு குடுங்க, பிரிஞ்சு கிடக்கிறத ஒட்டும். லிஸ்ட்லேருந்து வந்தாலும் போன்லேருந்து வந்தாலும் பேர் டிக்ஷனரிக்குள்ள நுழையிற வாசல்ல அதைப் போடுங்க. ஒரு பக்கம் மட்டும் போட்டா பத்தாது.

மேலமாசி_ஸ்விஃப்ட் · 10.20
ஸ்விஃப்ட்ல இந்தப் பிரச்சினையே வராது. அங்க ஸ்ட்ரிங் சமமான்னு கேட்டா யூனிகோட் தரப்படிதான் பதில், ஹாஷும் அதுக்கு ஏத்த மாதிரி. ரெண்டு சோழவந்தானும் ஒரே கீ. எண்ணிக்கை கேட்டாலும் 6-ன்னு சொல்லும்: சோ, ழ, வ, ந், தா, ன். நம்ம வாத்தியார் சொல்லிக் குடுத்த கணக்கு. கோ மொழில லென் போட்டா 30-ன்னு வரும், பிரிஞ்சு கிடந்தா 33. தமிழ் எழுதுறவன் 30-ஐ வச்சு என்ன பண்ண?

பழைய_பாஸ்கல் · 10.27
மொழி யூகம் பண்ணக் கூடாது. கோ மொழில ஸ்ட்ரிங்குன்னா பைட் வரிசை, யூனிகோட் எண்ணைப் பைட்டா எழுதுற யூடிஎஃப்-8 முறைல ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், அதனால 30. ஒளிவுமறைவு இல்லாத கணக்கு. யூடிஎஃப்-8ஐ 1992-ல உண்டாக்கின கென் தாம்சனும் ராப் பைக்கும்தான் கோ மொழியையும் ஆரம்பிச்சு வச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதா? டர்போ பாஸ்கல்ல முதல் பைட்டே நீளம், 255-க்கு மேல போகாது. சி-ல பூஜ்யம் வர்ற வரைக்கும் ஓடும். என்ன நடக்குதுன்னு எழுதுறவனுக்குத் தெரியும். ஸ்விஃப்ட்ல அஞ்சாவது எழுத்து எதுன்னு நேரா ஒரு எண்ணைப் போட்டு எடுக்க முடியுமா உங்களால?

மேலமாசி_ஸ்விஃப்ட் · 10.31
முடியாது, ஒத்துக்கிறேன். ஒரு எழுத்து எத்தனை பைட்டுன்னு முன்கூட்டித் தெரியாது, நடந்துதான் போகணும். ஆனா கமிஷன் கடைல யாருக்கு அஞ்சாவது எழுத்து வேணும்? ஊர் ஒண்ணா இல்லையான்னுதான் வேணும்.

வண்டியூர்க்காரி · 10.38
பைத்தான்ல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. தமிழ்ல வேரியபிள் பேர் வச்சா, அந்தப் பேரை மட்டும் பைத்தானே ஒட்டிச் சரிபண்ணிக்கும். பிரிஞ்ச "கோ"வும் ஒட்டின "கோ"வும் ஒரே வேரியபிள். மேற்கோள் குறிக்குள்ள போட்டா ரெண்டும் வேற. ஒரே மொழிக்குள்ள ரெண்டு நியாயம். ஸ்ட்ரிங்கைத் தொடாம விட்டதுக்குக் காரணம் உண்டு, ஃபைல்ல இருக்கிறது அப்படியே திரும்ப வரணும். அது சரி. ஆனா இதைப் பாடம் எடுக்குற யாராவது சொல்லித் தர்றாங்களா? நான் படிச்சப்ப இங்கிலீஷ் பேரை வச்சுத்தான் டிக்ஷனரி நடத்துனாங்க. அதுல இந்தக் குழி கண்ணுல படவே படாது.

ஆனைமலை அண்ணே, நீங்க சொன்னது பாதிதான் சரி. மேப் எண் வரிசைலதான் அடுக்கும். பிரிஞ்ச சோழவந்தான் 3015-ல வந்துரும், ஒட்டினது 3019-ல. நடுவுல சொக்கிகுளம் 3018-ஓட வந்து உக்காரும். அந்த வரிசை நம்ம அகர வரிசையும் இல்ல. யூனிகோட் பட்டியல்ல ந-வுக்கு அடுத்து ன வருது, ர-வுக்கு அடுத்து ற, ள-வுக்கு அடுத்து ழ.

ஆனைமலை · 10.44
சொக்கிகுளத்த யோசிக்கல. சரிதான்மா.

தல்லாகுளத்தான் · 10.47
இன்னொண்ணு. என்.எஃப்.சி. எல்லாத்தையும் காப்பாத்தாது. ஒட்டுறதுக்குத் தமிழ்ல நாலே நாலுதான் உண்டு: ஒகர, ஓகார, ஔகாரக் குறி மூணு, ஔ எழுத்து ஒண்ணு. கௌரின்னு அடிக்க வேண்டிய இடத்துல கொம்பு போட்டு க, பின்னாடி ளகரம்னு "கெளரி" அடிப்பாங்க. அது நிஜமாவே வேற எழுத்து, நார்மலைஸ் அதைத் தொடாது. ஸ்ரீயும் அப்படித்தான், ஸகரத்துலயும் அடிக்கலாம், 2005-ல யூனிகோட்ல சேத்த ஶகரத்துலயும் அடிக்கலாம். விவசாயி பேரைக் கீயா வச்சிருந்தா மாத்திருங்க. ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்து அதைக் கீயா வைங்க.

மல்லிச்சிட்டை · 10.52
சரியாயிருச்சு!! பழைய டிக்ஷனரி முழுசையும் சுத்தி வந்து, பேரை நார்மலைஸ் பண்ணிப் புது டிக்ஷனரில போட்டுட்டேன். நிலக்கோட்டை ஒரே வரி, 38 கிலோ. எல்லாருக்கும் நன்றி, தூங்கப் போறேன், 2 மணிக்கு எந்திரிக்கணும்.

பழைய_பாஸ்கல் · 10.58
நான் சொன்ன மோதல் இல்லைன்னாலும் அடிப்படை தெரியணும்ங்கிறதுல மாத்தமில்ல.

வண்டியூர்க்காரி · 11.01
தம்பி நில்லுங்க. 38 தப்பு. 212.5-ம் 38-ம் சேந்து 250.5 வரணும். புது டிக்ஷனரிக்கு மாத்தும்போது கூட்டாம போட்டிருக்கீங்க. ஒரே கீக்கு ரெண்டாவது தடவை போட்டா முதல்ல இருந்தது அழிஞ்சிரும். பைத்தான்னு இல்ல, எந்த மொழில இந்த மாதிரி மதிப்பைப் போட்டாலும் அப்படித்தான். பழைய ஃபைல் அழியல இல்ல? அதுலேருந்து மறுபடி ஓட்டுங்க, கீ இருந்தா கூட்டுங்க. சோழவந்தானும் கொட்டாம்பட்டியும் சேத்துப் பாருங்க. இப்படியே விட்டா நிலக்கோட்டைக்காரருக்கு 212.5 கிலோ பூவுக்குக் காசு போகாது.

வண்டியூர்க்காரி · 11.20
தம்பி?

தல்லாகுளத்தான் · 11.34
தனிச்செய்தியும் அனுப்பிட்டேன். தூங்கிட்டார் போல.

மல்லிச்சிட்டை · விடியக்காலை 2.47
இப்பதான் பாத்தேன்க்கா. பழைய ஃபைல் இருந்துச்சு. கூட்டிட்டேன், 250.5. மத்த ரெண்டும் பாத்தாச்சு. கடைக்குக் கிளம்புறேன்.