மழை கொட்டிக்கொண்டே இருக்கிறது, ஓடைச் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. யாருக்காவது அனுபவம் உண்டா?

கேத்தி_மருமகள்:
2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையையும் மண்சரிவையும் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரண்ட் இல்லை, ரோடு இல்லை, எங்கே மண் சரிந்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குக் கீழே உருளைக்கிழங்கு பாத்திகள், அதற்கும் கீழே ஓடை. அந்த ஓடை பகலெல்லாம் இரைந்துகொண்டே இருந்ததால் வீட்டுக்குள்ளேயே கத்திக் கத்தித்தான் பேசினோம்.

ராத்திரி திடீரென்று அந்த இரைச்சல் நின்றது. மழை நிற்கவில்லை, தகரத்தின் மேல் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதுவரை போர்த்திப் படுத்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்தார். "பிள்ளையைத் தூக்கு, மேலே போகலாம்" என்றார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தட்டி எழுப்பினோம். "அதான் சத்தம் குறைஞ்சிடுச்சே, தண்ணி வடிஞ்சிடுச்சு, நிம்மதியா தூங்கு போ" என்று அவர் கதவைச் சாத்தப் பார்த்தார். மாமனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தார். வழி முழுக்கத் திட்டு. மேட்டில் இருந்த உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் ஏறிய பிறகு அந்தச் சத்தம் வந்தது. காலையில் பார்த்தால் பாட்டி வீட்டுச் சமையலறையைக் காணோம், எங்கள் பாத்திகளையும் காணோம்.

மாமனார் இப்போது இல்லை. அவருக்குத் தெரிந்து செய்தாரா, இல்லை ஏதோ பயத்தில் கிளம்பினாரா? கேட்காமலே விட்டுவிட்டேன். பாட்டி சொன்னதும் நியாயமாகத்தானே இருந்தது, அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

எமரால்டு_வாசி:
அக்கா, நீங்கள் தப்பித்தது சந்தோஷம். ஆனால் குன்னூர், கேத்தி ஆட்கள் 2009-ஐயே பெரிய மழை என்று சொல்லிக்கொண்டிருப்பது எங்களுக்குக் கொஞ்சம் கடுப்பு. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலை கணக்குப்படி எங்கள் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ., மறுநாள் 911. சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே 1,400 மி.மீ. சொச்சம்தான். எங்களுக்கு இரண்டே நாளில் அதற்கு மேல்.

என் அனுபவம் சின்னது. எமரால்டு பக்கம், தோட்டத்தைப் பார்க்கக் குடையோடு போனேன். குடை சும்மா பெயருக்கு. ரோட்டுத் திருப்பத்தில் கேரட் தோட்டம் ஒன்று நின்றது. நேற்று வரை மேலே இருந்த தோட்டம். செடி ஒன்றுகூடச் சாயவில்லை. பாத்தி, வரப்பு, நடுவில் யாரோ விட்டுப் போன களைக்கொத்து, எல்லாம் அப்படியே தாருக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரம் நின்று பார்த்தேன் என்று தெரியாது. அப்புறம்தான் அதற்கு மேலே இருக்கிற மண்ணும் வரலாமே என்று உறைத்தது, திரும்பி நடந்தேன்.

ஓடை நிற்பது, சத்தம் அடங்குவது எதையும் நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்கு அது கூடிக்கொண்டேதான் போனது.

கேத்தி_மருமகள்:
தம்பி, 2009 நவம்பர் 10 கணக்கில் கேத்திக்கும் அதே 820 மி.மீ.தான். தேடிப் பாருங்கள். உங்கள் பக்கம் பெய்ததில் பெரும்பகுதியைச் சோலையும் புல்வெளியும் அணைகளும் வாங்கிக்கொண்டன. எங்கள் பக்கம் வீட்டுக்கு மேல் வீடு. 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். போட்டி போட இது என்ன காய்கறி ஏலமா?

பெரியகுளத்தான்:
நீலகிரிக்காரர்கள் சண்டையை முடித்துக்கொண்டால் பழனி மலை அடிவாரத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். கும்பக்கரை அருவி. கொடைக்கானல் மேலே மழை பெய்தால் கீழே எங்களுக்குத் தண்ணீர் வரும், அது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நாங்கள் குளித்த அன்று பெரியகுளத்தில் சுள்ளென்று வெயில்.

முதலில் வந்தது சருகு. தண்ணீரோடு கொஞ்சம் காய்ந்த இலை, குச்சி. அவ்வளவுதான், தண்ணீர் ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. வனத்துறைக் காவலர் ஒருவர் விசில் அடித்துக்கொண்டே பாறை மேல் ஓடி வந்தார். தலை முழுக்கச் சோப்பு நுரையோடு ஒருத்தர், "காசு கொடுத்து உள்ளே வந்திருக்கோம், குளிச்சிட்டுத்தான் வருவோம்" என்று சண்டை போட்டார். காவலர் பதிலே பேசவில்லை, அந்த ஆளின் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். அப்பா திட்டிக்கொண்டே பின்னால் வந்தார், வேறு வழியில்லை. கரை ஏறித் திரும்பிப் பார்த்தால் அவர் உட்கார்ந்திருந்த பாறை செம்மண் தண்ணீருக்கு அடியில்.

அந்த ஆள் கண்ணில் சோப்பு எரிய, கழுவத் தண்ணீர் இல்லாமல் நின்றார். கண் எதிரே அவ்வளவு தண்ணீர். சிரிப்பதா என்று தெரியவில்லை.

ரிட்டயர்டு_சிவில்:
எல்லோரும் அனுபவம் எழுதுகிறீர்கள், காரணத்தை யாரும் எழுதவில்லை. கேத்தி அம்மா, உங்கள் மாமனாருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். மழை குறையாமல் ஓடை மட்டும் குறைந்தால், மேலே எங்கோ மண்ணும் மரமும் சரிந்து வழியை அடைத்திருக்கலாம். பின்னால் தண்ணீர் தேங்கும், அடைப்பு உடைந்தால் மண்ணோடு சேர்ந்து மொத்தமாக வரும். எமரால்டு தம்பி பார்க்கவில்லை என்பதால் அது பொய் ஆகிவிடாது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலும் எச்சரிக்கைதான்.

இன்னொரு கணக்கு. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 820 மி.மீ. பெய்தால் ஒரு சென்ட் நிலத்தில் (சுமார் 40 சதுர மீட்டர்) மட்டும் 33,000 லிட்டர். பெரிய டேங்கர் லாரி மூன்று கொண்டுவருகிற தண்ணீர். ஐந்து சென்ட்டில் வீடு கட்டியிருப்பவர் பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். இதில் மண்ணுக்குள் இறங்குவதுதான் ஆபத்து. மண் கனக்கும், உள்ளே அழுத்தம் கூடும், பிடிமானம் போகும். அதனால் தடுப்புச் சுவர் கட்டும்போது தண்ணீர் வடிய ஓட்டை வையுங்கள், பின்னால் ஜல்லி போடுங்கள். ஓட்டையிலிருந்து அசிங்கமாக வடிகிறது என்று சிமெண்ட் வைத்து அடைத்த வீட்டுக்காரரை நானே பார்த்திருக்கிறேன். செப்டிக் டேங்க்கைச் சரிவின் விளிம்பில் தோண்டாதீர்கள். ஜேசிபி வைத்து மலையைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், மாவட்டத்தில் அதற்குக் கட்டுப்பாடு இருப்பது சும்மா இல்லை. சுவரில் புது விரிசல், கதவு திடீரென்று இறுகுவது, கம்பமோ மரமோ சாய்வது, மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் போனால் வானிலைத் துறை அதை அதி கனமழை என்கிறது. அந்த அறிவிப்பு வந்த பிறகும் சுற்றுலா கிளம்புகிறவர்களிடம் நான் பேசுவதில்லை.

என் அனுபவம்: கோத்தகிரி பக்கம் ஒரு சுவர், நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. அடுத்த மழையில் விழுந்தது.

பர்லியார்_ஸ்டியரிங்:
சிவில் சார், அந்தச் சுவர்க் கதையைக் கேட்கத்தான் ஆசைப்பட்டேன், அதை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள்!

எனக்குக் குன்னூர் - மேட்டுப்பாளையம் ரோடு. வடகிழக்குப் பருவமழையில் அந்த ரோட்டில் ஓட்டியவனுக்குத்தான் தெரியும். மேலே மலை, கீழே ஆறு, நடுவில் நாங்கள். மலை ரயில் பாதைக்கு மாதக்கணக்கில் லீவு விட்டதெல்லாம் உண்டு, பஸ்ஸுக்கு அந்த லீவு கிடையாது.

ஒரு ராத்திரி பர்லியாருக்கு மேலே, முன்னால் மண் விழுந்து நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஓடி வந்து, அவருக்குப் பின்னாலும் விழுந்துவிட்டது என்றார். வண்டி முழுக்க ஆட்கள். ஆளுக்கு ஒரு யோசனை. ரிவர்ஸ் எடு, ஹாரன் அடி, லைட்டைப் போடு. நான் முதலில் செய்தது இன்ஜினை அணைத்ததுதான். "ஏண்டா அணைச்சே" என்று ஒரு பெரியவர் கத்தினார். இன்ஜின் ஓடினால் மேலே கல் உருளுவது காதில் விழாது. அதைச் சொன்னதும் மொத்த பஸ்ஸும் வாயை மூடியது. கைக்குழந்தைகூட அழவில்லை, அது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் மேலே சரளைக்கல் பொறுபொறுவென்று கொட்டும் சத்தம். எல்லோரையும் இறக்கி, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் பாறையாக இருந்த இடத்துக்கு நடத்திக் கூட்டிப் போனோம். பஸ் மேல் விழுந்தது என்னவோ ஒரே ஒரு கல். கண்டக்டர் சீட்டுக்கு நேர் மேலே.

பெரியவர் விடியும் வரை என்னோடு பேசவில்லை. விடிந்ததும் டிக்கெட்டைக் காட்டி, மேட்டுப்பாளையம் வரைக்கும் காசு கொடுத்திருக்கிறேன், மீதியைக் கொடு என்றார்.

மசினகுடி_பக்கம்:
அதி கனமழை அறிவிப்பைப் பார்த்துக் கிளம்பாதே என்கிறார் சிவில் சார். அறிவிப்பு மாவட்டத்துக்கே வருகிறது. எங்கள் ஊர் மழை மறைவு, மேலே கொட்டும்போது இங்கே புழுதி பறக்கும். மழையே இல்லாத ஊரில் யார் பயப்படுவார்கள்? ஆனால் மேலே பைக்காரா அணைப் பக்கம் தண்ணீர் திறந்தபோதெல்லாம், எங்கள் ஊருக்கு வரும் வழியில் இருந்த தெப்பக்காடு தரைப்பாலம் மூழ்கியது உண்டு.

அப்படி ஒரு சாயங்காலம். கூடலூர் ஸ்கூலிலிருந்து வந்த பிள்ளைகள் அந்தக் கரை, அம்மாக்கள் இந்தக் கரை. மாயாறு இரைச்சலில் எதுவும் கேட்காது. ஒரு அம்மா சைகையிலேயே பையனிடம் பேசினார்: சாப்பிட்டியா, எங்கே தங்குவே. அவன் ஏதோ காட்டினான், அம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி காட்டினான். பிறகு புத்தகப் பையைத் திறந்து நோட்டில் எழுதித் தூக்கிப் பிடித்தான். அவ்வளவு தூரத்துக்கு எப்படித் தெரியும்? அம்மாவோ படித்த மாதிரியே தலையாட்டினார்.

"சித்தி வீடு" என்று எழுதியிருந்தானாம். அடுத்த நாள் மதியம் தண்ணீர் இறங்கி அவன் வந்த பிறகுதான் தெரிந்தது.