கூலன்ட் ஃபுல்லா இருக்கு, ஆனா பர்லியார் தாண்டினா இன்ஜின் கொதிக்குது, உதவி வேணும்

வெலிங்டன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். 2010 மாடல் சின்ன கார், பெட்ரோல், 1 லட்சத்து 10 ஆயிரம் ஓடியிருக்கு. மாசம் ஒரு தடவ அம்மாவ கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிட்டு சாயந்தரம் மலையேறுவோம். மலையடிவாரத்துல கல்லாறு வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல, டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு கீழதான் நிக்கும். பர்லியார் தாண்டி ஏத்தம் புடிச்சா டக்குனு சிவப்பு கிட்ட போகுது, அப்புறம் தானா எறங்குது, மறுபடி ஏறுது. போன வாரம் மரப்பாலம் கிட்ட பானட் ஓரமா ஆவி வந்து முக்கா மணி நேரம் நின்னுட்டோம், மிஸ்ட் வேற எறங்கிருச்சு, அம்மா சால்வைய போத்திக்கிட்டு நடுங்கிட்டு உக்காந்திருந்தாங்க, பாக்கவே முடியல.

கூலன்ட் (இன்ஜின ஆத்தற தண்ணி) குறையவே இல்ல, ரிசர்வ் டேங்க்ல மேக்ஸ் கோட்டுக்கு மேலதான் இருக்கு. ஃபேன் ஓடுது. மெக்கானிக் ஆயில் ஊத்தற மூடிய தொறந்து உள்பக்கம் பால் மாதிரி வெள்ளையா இருக்கறத காட்டி ஹெட் கேஸ்கட் (இன்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடில இருக்கற சீல்) போச்சு, ஹெட்ட எறக்கணும், 18,000 ஆகும்ங்கறார். எறக்கலாமா?

மலை_டாக்ஸி:
தெர்மோஸ்டாட்ட, அதான் இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடாத வால்வ, கழட்டி வீசுங்க ப்ரோ. நான் 3 வருஷமா அது இல்லாமதான் ஓட்றேன்.

கூடலூர்_ஸ்பேனர்:
தம்பி, அவசரப்பட்டு ஹெட்ட எறக்கிடாதீங்க. நீங்க எழுதினதுலயே ஒரு வார்த்த உறுத்துது, "குறையவே இல்ல"ன்னு. இன்ஜின் சூடானா ரேடியேட்டர்ல இருந்து கொஞ்சம் டேங்குக்கு போகணும், ராத்திரி ஆறினதும் அதே தண்ணிய ரேடியேட்டர் திருப்பி இழுத்துக்கணும். அதனால காலைல டேங்க் லெவல் எறங்கித்தான் இருக்கணும். எப்ப பாத்தாலும் மேக்ஸுக்கு மேலயே நின்னா, போனது திரும்பி வரலன்னு அர்த்தம். டேங்க் ரொம்பி ரேடியேட்டர் காலியா இருக்கலாம், ரெண்டும் ஒன்னில்ல.

இதுல மெயின் ஆளு ரேடியேட்டர் மூடிதான். அத வெறும் மூடின்னு நெனச்சிடறோம், உள்ள ரெண்டு வால்வு இருக்கு, ஒன்னு பிரஷர் புடிக்கும், நடுவுல இருக்கற குட்டி வால்வு திருப்பி இழுக்கும். மலைல இருக்கறவங்களுக்கு இது டபுள் முக்கியம், ஏன்னா உயரம் போகப்போக தண்ணி கம்மி சூட்டுலயே கொதிக்கும், சுமாரா 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும். குன்னூர் 1,850 மீட்டர், அங்க 94 டிகிரிலயே கொதி வந்துரும். ஊட்டில 92, 93 தான். மூடி 0.9 பார் பிரஷர் புடிச்சா அதே தண்ணி 115 வரைக்கும் தாங்கும், கூலன்ட் சரியா கலந்திருந்தா இன்னும் கொஞ்சம் கூட. நெறைய வண்டில ஃபேன் ஆன் ஆகறதே 95 சுத்துலதான், அப்ப மூடி லீக்கான வண்டிக்கு ஃபேன் சுத்த ஆரம்பிக்கறதுக்குள்ள உள்ள கொதிச்சுரும்ல. கோயமுத்தூர் ரோட்டுல லோடு இல்லாம ஓடறப்ப இது தெரியவே தெரியாது.

காலைல பச்ச தண்ணியா ஆறினப்புறம் மூடிய தொறந்து பாருங்க. சூடா இருக்கறப்ப தொட்டுடாதீங்க, மூஞ்சில அடிச்சிரும். அப்புறம் இன்னொன்னு, முள்ளு ஏறுற நேரம் ஹீட்டர் போட்டா சூடா காத்து வருதா, ஜில்லுனு வருதா?

ஊட்டி_கேரட்:
கழட்டி வீசச் சொன்ன அண்ணா, கோவிச்சுக்காதீங்க, ஊட்டில டிசம்பர் ஜனவரி காலைல தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி சூடாகவே ஆகாது, ஹீட்டர் வேல செய்யாது, பெட்ரோல் தண்ணியா குடிக்கும். நல்லா இருக்கான்னு பாக்கணும்னா கழட்டி வெந்நீர்ல போட்டு பாருங்க, 80ல இருந்து 90க்குள்ள தொறந்தா அது நல்ல பீஸ்.

அந்த வெள்ள சமாச்சாரத்துக்கும் பயப்படாதீங்க. குளிர்ல கடைக்கு ஸ்கூலுக்குன்னு குட்டி குட்டி ஓட்டமா ஓட்டினா ஆயில் மூடிக்கடில ஈரம் கோத்து ஆயிலோட சேந்து அப்படித்தான் ஆகும், எங்க வீட்டு வண்டிலயும் வருஷா வருஷம் பாக்கறேன். ஆயில் அளவு பாக்கற கம்பி, டிப்ஸ்டிக்க எடுத்து பாருங்க, அங்கயும் பால் கலர்னா கவலப்படணும். ஆறின வண்டிய ரேடியேட்டர் மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் வாய பாருங்க, குமிழி நிக்காம வந்துட்டே இருந்தா அப்ப கேஸ்கட்ட சந்தேகப்படலாம்.

வெலிங்டன்வாசி:
அண்ணா, அக்கா, காலைல பாத்தேன். கை நடுங்குது. மேக்ஸுக்கு மேல டேங்க் இருக்கு, ஆனா ரேடியேட்டர் வாய்ல விரல விட்டா ரெண்டு கணு வரைக்கும் தண்ணி தட்டுப்படவே இல்ல. மூடியோட ரப்பர் வாஷர் கல்லு மாதிரி ஆயி ஓரத்துல முடி அளவுக்கு வெடிப்பு, நடுவுல இருக்கற பித்தள காசு மாதிரி வால்வு நகத்தால இழுத்தாலும் அசையல, பழுப்பு சேறு ஒட்டிருந்துச்சு. டிப்ஸ்டிக்ல சுத்தமான ஆயில். ஹீட்டர் பத்தி கேட்டீங்கல்ல, ஆமா, முள்ளு ஏறுறப்ப ஜில்லுனுதான் வருது, நான் ஹீட்டரும் போச்சுன்னு நெனச்சிருந்தேன்.

கூடலூர்_ஸ்பேனர்:
அப்ப உள்ள காத்து நிக்குது தம்பி. ஹீட்டருக்கு போற தண்ணில காத்து மாட்டினா அப்படி ஜில்லுனு வரும், முள்ளு எகிறி எகிறி எறங்கறதும் அதனாலதான். பழைய மூடில அச்சடிச்ச நம்பர பாத்து அதே நம்பர் மூடி வாங்குங்க, 0.9க்கு பதில் 1.1 போட்டா பழைய ஹோஸ் வெடிக்கலாம். கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி, பைப் தண்ணி வேண்டாம். உங்க ஊர்ல சரிவுக்கா பஞ்சம், வண்டி மூக்கு மேல பாத்து நிக்கற மாதிரி நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு சக்கரத்துக்கு கல்லு வெச்சு, ஹீட்டர ஃபுல் ஹாட்ல வெச்சு, மூடி இல்லாம ஐடில்ல ஓட விட்டு ரேடியேட்டரோட மேல் ஹோஸ அமுக்கி அமுக்கி விடுங்க. குமிழி வந்து வந்து லெவல் எறங்கும், ஊத்திட்டே இருங்க, ஃபேன் ரெண்டு தடவ ஓடி நின்னு ஹீட்டர்ல அனல் காத்து வந்ததும் மூடிடலாம்.

வெலிங்டன்வாசி:
மூடி 280 ரூவா. ஒன்னேகால் லிட்டர் உள்ள போச்சு! குமிழி பத்து நிமிஷம் வந்து அப்புறம் சுத்தமா நின்னுருச்சு. நேத்து அம்மாவ கூட்டிட்டு போயிட்டு வந்தேன், பர்லியார்ல இருந்து 2வது கியர்லயே ஏறினேன், முள்ளு பாதிய தாண்டல, மரப்பாலத்துல நிக்கல, அம்மா பின் சீட்ல தூங்கிட்டே வந்தாங்க. ராத்திரி வீட்டுக்கு வந்தப்ப டேங்க் மேக்ஸ் கிட்ட இருந்துச்சு. இன்னிக்கு காலைல டார்ச் அடிச்சு பாத்தேன், ரெண்டு விரக்கட எறங்கியிருக்கு.