‘தி ட்ரீம்’ நிகழ்ச்சியை முழுசாகப் பார்க்க வழி உண்டா?

நண்பர்களே, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸின்போது செவன் தொலைக்காட்சியில் பின்னிரவில் வந்த ‘தி ட்ரீம்’ நகைச்சுவை நிகழ்ச்சியின் முழுப் பகுதிகளைத் தேடுகிறேன். ராய் ஸ்லேவன், எச்.ஜி. நெல்சன் என்ற பெயர்களில் ஜான் டாய்லும் கிரெய்க் பிக்காவரும் நடத்தியது.

ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் காட்சிகளை ஓடவிட்டு, ஒவ்வொரு அசைவுக்கும் சொந்தமாக ஒரு பெயர் வைத்து இருவரும் வர்ணனை செய்வார்கள். குரலில் துளி சிரிப்பு இருக்காது. நிஜ வர்ணனையாளர்களின் அதே பதற்றம், அதே கம்பீரம். எனக்கு அதுதான் உயிர்.

அப்புறம் ஃபாட்சோ! நிகழ்ச்சியில் வந்த, பின்பக்கம் பெருத்த அந்த வொம்பாட் (ஆஸ்திரேலிய விலங்கு) பொம்மை, சிட், ஆலி, மில்லி என்ற ஒலிம்பிக்ஸின் அதிகாரபூர்வ சின்னங்களையே ஓரங்கட்டிவிட்டது. விளையாட்டு வீரர்களே அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். பின்னால் ஏலத்தில் 80,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனது. பல கோடி செலவில் நடக்கும் விழாவின் பெருமிதத்தை ஒரு பொம்மையை வைத்தே அசைத்துப் பார்த்தார்களே, அந்தத் துணிச்சல் இன்றைய ஒலிம்பிக்ஸ் ஒளிபரப்புகளில் எனக்குக் கிடைக்கவில்லை.

இணையத்தில் எனக்குக் கிடைப்பதெல்லாம் துண்டு துண்டான காட்சிகள். விருந்தினர் பேட்டிகளோடு ஒரு இரவு முழுவதையும் பார்க்க வேண்டும். யார் வீட்டிலாவது அப்போது பதிவு செய்த விஎச்எஸ் கேசட் இருக்கிறதா? கான்பெராவில் உள்ள தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்தில் வெளிநாட்டில் இருப்பவர் பார்க்கக் கேட்டால் தருவார்களா? அங்கே விண்ணப்பித்த அனுபவம் உள்ளவர்கள் யாரை அணுக வேண்டும் என்று சொன்னால் போதும்.