புதுப்பிப்பு: 1742 நீர்க்குறிச் சந்தேகம் தீர்ந்தது

1757-இல் பாரிஸில் வெளியான பிரெஞ்சு நிலப்பட வல்லுநர் ரோபேர் தெ வோகோந்தியின் ‘அட்லஸ் யுனிவர்செல்’ என்ற நிலப்படத் தொகுப்பிலிருந்து ஒரு தாள் வாங்கியதையும், அதன் நீர்க்குறியில் (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் ஆலைக் குறி) 1742 என்றிருப்பதால் போலியாக இருக்குமோ என்று பயந்ததையும் போன வாரம் எழுதியிருந்தேன். பயம் வேண்டியதில்லை. அரசாணைப்படி பிரெஞ்சுக் காகித ஆலைகள் காகிதம் வார்க்கும் கம்பி அச்சில் 1742 என்று பொருத்தின. பல ஆலைகள் அப்புறம் வருடக்கணக்கில் அதை மாற்றவே இல்லை.

ஓரத்தை விரலால் தடவினால் அச்சிடும்போது செப்புத்தகடு அழுத்திய பள்ளம் தட்டுப்படுகிறது. எல்லைக்கோட்டில் பச்சை தீட்டிய இடமெல்லாம் பின்பக்கம் பழுப்பாக இறங்கியிருக்கிறது. தாமிரப் பச்சை காலப்போக்கில் தாளை அரிக்கும். தலைப்பைச் சுற்றிய பூவேலையில் வண்ணமே இல்லை. எனக்கு அதுதான் அழகு! சரி, இனி இதை மடிக்காமல், வெயில் படாமல் வைக்கப்போகிறேன்.