அம்மாவை 'டின்னர் பார்ட்டி' பார்க்கக் கூட்டிட்டுப் போகலாமா?

ஜெர்சி கவிதா:
ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க. தையல் மெஷின் முன்னாடியே உட்கார்ந்து எங்களை வளர்த்தவங்க. புருக்ளின் மியூசியத்தில் கலைஞர் ஜூடி சிகாகோ செய்த 'டின்னர் பார்ட்டி'யைக் காட்டணும்னு ஆசை. சரித்திரத்துப் பெண்களுக்காகப் போட்ட விருந்து மேசையாம். ஆனா தட்டெல்லாம் பெண்ணுறுப்பு வடிவம்னு தோழி சொல்றா. அம்மா பக்கத்துல நின்னு பார்க்கச் சங்கடமா இருக்குமா?

நூல்கண்டு:
தயங்காம கூட்டிட்டுப் போம்மா. தோழி சொன்னது நிஜம்தான், பெரும்பாலான தட்டுகள் பூவாகவும் பட்டாம்பூச்சியாகவும் தெரியும்படி அந்த வடிவத்தில்தான் இருக்கும். பிள்ளை பெத்த அம்மாவுக்கு அதில் அதிர்ச்சி என்ன இருக்கு? போறதுக்கு முன்னாடி வீட்டிலேயே ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்.

நான் எம்பிராய்டரி சொல்லிக்கொடுக்கிறவள். எல்லாரும் தட்டைப் பத்தியே பேசுறாங்க, எனக்கு உயிர் அந்தத் துணியில்தான். முக்கோண மேசை, ஒரு பக்கம் 48 அடி, பக்கத்துக்கு 13 பேராக 39 பெண்கள். ஒவ்வொருத்தருக்கும் தட்டு, கோப்பையோட ஒரு விரிப்பு. அவங்கவங்க காலத்துத் தையல் முறைகளையே தேடிப்பிடிச்சுப் பல விரிப்புகளைத் தைச்சிருக்காங்க. 1974-லேர்ந்து 1979 வரை வேலை நடந்தது. கிட்டத்தட்ட 400 பேர் கை கொடுத்திருக்காங்க, சம்பளமில்லாம வந்தவங்கதான் அதிகம். உதவினவங்க பெயர்ப் பலகைகளும் இந்தப் படைப்போட பகுதிதான். அதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு.

மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் விரிப்பை விட்டுடாதே. பெண்களுக்கும் படிப்பு வேணும்னு 1792-லேயே எழுதினவங்க. முன்பக்கம் துணியிலேர்ந்து மேலெழும்பி நிக்கிற புடைப்புத் தையல். அதே விரிப்போட பின்பக்கத்தில், 1797-ல் மகளைப் பெத்த கையோட அவங்க செத்துப்போனதைத் தைச்சு வெச்சிருக்காங்க. பின்பக்கம் மேசைக்கு உள்புறமா தொங்கும். எதிர்ப்பக்கம் போய் நின்னு, முக்கோணத்துக்கு நடுவால பாரு.

கவிஞர் எமிலி டிக்கின்சன் தட்டையும் அம்மா ரசிப்பாங்க. நிஜ லேஸைப் பீங்கான் குழம்பில் முக்கிச் சூளையில் வெச்சா, நூல் எரிஞ்சு பீங்கான் மட்டும் லேஸாவே நிக்கும். அந்த இளஞ்சிவப்பு மடிப்புகள் அப்படி வந்ததுதான்.

வாசகன் சேலம்:
போய்ப் பாருங்க, ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. அடிமையாப் பிறந்து, பெண்ணுரிமைக்காகவும் மேடையேறின சோஜர்னர் ட்ரூத் தட்டில் மட்டும் மூணு முகம் இருக்கும். மத்தவங்களுக்குக் கொடுத்த வடிவம் கறுப்பினப் பெண்ணுக்கு ஏன் இல்லைன்னு கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அப்பவே கேட்டாங்க. இந்தியாவுக்கு அந்த மேசையில் இருக்கிறது காளி மட்டும்தான், அதுவும் தெய்வம். ரத்தமும் சதையுமா வாழ்ந்த ஒரு இந்தியப் பெண்ணுக்கும் அங்கே தட்டு இல்லை.

நூல்கண்டு:
தம்பி கேட்கிறது நியாயமான கேள்வி. ட்ரூத் தட்டு எனக்கும் உறுத்துது, அதுக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனா தரையையும் சேர்த்துப் பாருங்க. வெள்ளை ஓடுகள் மேல தங்க எழுத்தில் இன்னும் 999 பெயர். இத்தனை பேரைத் தேடித் திரட்டினது கூகுள் இல்லாத காலத்தில். 1979-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதல்ல வெச்சப்போ கூட்டம் அலைமோதிச்சு, ஆனா பல மியூசியங்கள் வாங்கி வைக்க முன்வரலை. 1990-ல் வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஜூடி சிகாகோ இனாமாவே கொடுக்க வந்தாங்க. ஆபாசம்னு அமெரிக்க நாடாளுமன்றம் வரைக்கும் சண்டை போய், கடைசியில் கொடுக்கிறதாச் சொன்னதையே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. பல வருஷம் பெட்டிக்குள்ளதான் கிடந்தது. 2007-லதான் புருக்ளினில் நிரந்தர இடம். பெண்களை மறந்துட்டாங்கன்னு சொல்ல வந்த படைப்பையே மூட்டை கட்டி வெச்சிருந்தாங்கன்னு நினைச்சா இன்னிக்கும் எனக்குக் கோபம் வருது.

ஜெர்சி கவிதா:
நன்றி அக்கா. அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன். "அது கிடக்கட்டும், பின்பக்கத் தையல் தெரியுமா?"ன்னுதான் கேட்டாங்க. சனிக்கிழமை கிளம்புறோம்.