ஹ்வாச்சியோன் பனி மீன்பிடி விழா: முதல் தடவை போகிறோம், என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி

நண்பர்களே, சியோலில் இருக்கிறோம். வருகிற ஜனவரியில் கொரியாவின் ஹ்வாச்சியோன் ஊரில் நடக்கும் சான்ச்சியோனோ மீன் திருவிழாவுக்குப் போகலாம் என்று திட்டம். நான், மனைவி, 6 வயதுப் பையன். ஊரிலிருந்து மாமியாரும் வருகிறார், அவர் சைவம். உறைந்த ஆற்றின் மேல் நின்று மீன் பிடிப்பதை வீடியோவில் பார்த்ததோடு சரி. சனிக்கிழமை போகலாமா? தூண்டில் கையோடு கொண்டு போகணுமா? பிடித்த மீனை என்ன செய்வது? பையன் எவ்வளவு நேரம் குளிர் தாங்குவான்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

சனிக்கிழமை வேண்டாம் சகோ. மூன்று வாரம்போல நடக்கிற விழாவுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிற ஊர் அது. வார நாளில் ஒருநாள் லீவு போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் ஞாயிறு காலை திறக்கும் நேரத்துக்கே அங்கே இருங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் விழா இணையதளத்தை ஒரு தடவை பாருங்கள். 2020இல் மழையும் வெப்பமும் சேர்ந்து ஐஸ் சரியாகக் கட்டாமல் தொடக்கமே ஜனவரி 27க்குத் தள்ளிப்போனது. அறிவித்த தேதியை நம்பி, பணம் திரும்பக் கிடைக்காத அறை போட்டு வைக்காதீர்கள்.

போக இரண்டு வழி. தோங் சியோல் பஸ் நிலையத்திலிருந்து நேரடி பஸ், சுமார் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யோங்சான் அல்லது சோங்ன்யாங்னியில் ஐடிஎக்ஸ் விரைவு ரயில் ஏறி சுன்ச்சியோன் நகரம், அங்கிருந்து ஹ்வாச்சியோனுக்கு பஸ். சிறுபிள்ளையோடு இரண்டாவதுதான் சௌகரியம், ரயிலில் கழிவறை இருக்கிறது. திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று இறங்கியவுடனே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன்பிடிச் சீட்டு கடந்த ஆண்டுகளில் பெரியவர்களுக்கு 15,000 வொன். அதில் 5,000க்கு உள்ளூர் கூப்பனாகத் திருப்பித் தருவார்கள். அது ஹ்வாச்சியோன் கடைகளில் மட்டும்தான் செல்லும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தால் வெறும் காகிதம், அங்கேயே சாப்பாட்டுக்குச் செலவழித்துவிடுங்கள். வெளிநாட்டவருக்குத் தனி மீன்பிடித் திடல் உண்டு, கொரியன் தெரியாதவர்கள் அங்கே போவது நல்லது.

பதில் 2

தூண்டில் விஷயம் நான் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் நீளத் தூண்டில் அங்கே உதவாது. முழ நீளத்துக்கும் குறைவான கைப்பிடி, அதில் சுற்றிய நரம்பு, நுனியில் பளபளக்கும் உலோகப் போலி இரை, அவ்வளவுதான். விழா வாசலைச் சுற்றியுள்ள கடைகளில் சில ஆயிரம் வொன்னுக்குக் கிடைக்கும். போலி இரை மட்டும் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஐஸ் விளிம்பில் மாட்டி அறுந்தால் மறுபடி கடைக்கு நடக்கவேண்டாம். ஒருவருக்கு ஒரு தூண்டில்தான், துளையும் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். புதிதாகத் துளை போட அனுமதி இல்லை.

சான்ச்சியோனோ என்பது ட்ரவுட் எனும் குளிர்நீர் மீன் வகை. பண்ணையில் வளர்த்து ஓடையில் விடுகிற மீன். இரை அசைவதைப் பார்த்துத்தான் பாய்ந்து கடிக்கும். அதனால் நம் ஊர்க் குளத்தில் மண்புழு போட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

செய்முறை: தண்ணீர் ஏறக்குறைய ஆள் ஆழம். இரை அடியில் தட்டும்வரை நரம்பை விடுங்கள். தட்டியதும் நரம்பு தளரும். அங்கிருந்து ஒரு சாண் மேலே தூக்கி நிறுத்துங்கள். இப்போது மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று ஒரு முழம் உயர்த்தி, இரை தானாக விழும்படி விடுங்கள். இரண்டு மூன்று விநாடி சும்மா இருங்கள். மறுபடி. இரை கீழே விழும்போதுதான் பெரும்பாலும் கடிக்கும், அதனால் இறக்கும்போது நரம்பு ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் கடித்ததே கையில் தெரியாது. புதியவர்கள் செய்கிற பெரிய தவறு, நிறுத்தாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பது. மீன் பின்தொடரும், கடிக்க நேரம் கிடைக்காது.

கடித்ததும் நரம்பைக் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு நிற்காதீர்கள். கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு நரம்பை இரு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள், ஒரு நொடிகூடத் தளர விடாமல். துளையின் நடுவாக இழுக்கவேண்டும். ஐஸின் அடி விளிம்பில் உரசினால் ஒன்று நரம்பு அறும், இல்லை மீன் தலை இடித்து முள் கழன்றுவிடும். கைக்கு எட்டின மீன் தப்பிப்போவது முக்கால்வாசி அந்த விளிம்பில்தான்.

ஒரு துளையில் பதினைந்து நிமிடம் அசைவே இல்லையென்றால் காலியாக இருக்கும் வேறு துளைக்கு மாறுங்கள். மீன் கூட்டமாகச் சுற்றும். உள்ளே பார்க்க வேண்டுமானால் பாயில் குப்புறப் படுத்து, தலையோடு துளையையும் ஜாக்கெட்டால் மூடிக்கொள்ளுங்கள். மேல் வெளிச்சம் மறைந்தால் அடிவரை தெரியும். கேலியாக இருக்கும், ஆனால் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள்.

ஆளுக்கு மூன்று மீன்தான் வெளியே கொண்டுபோகலாம். பக்கத்திலேயே சுட்டுத் தரும் கூடம் இருக்கிறது, தனிக் கட்டணம். பச்சையாகவும் வெட்டித் தருவார்கள். என் ஓட்டு உப்புப் போட்டுச் சுட்டதற்கே.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஐஸ் உடையாதா என்று மாமியாருக்கு ஒரே பயம். அப்புறம், கால் விறைக்கும் என்கிறார்களே, கடையில் விற்கும் ஹாட் பேக் போதுமா?

பதில் 3

ஐஸைப் பற்றிக் கவலை வேண்டாம். தெளிந்த ஐஸ் 10 செ.மீ. இருந்தாலே ஒரு ஆள் நடக்கலாம் என்பது பொதுவான கணக்கு. விழாவுக்கு அதைவிட இரட்டிப்புத் தடிமன் கட்டிய பிறகுதான் ஆளை ஏற்றுவார்கள், தினமும் சோதிப்பார்கள். கறமுற சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், வெயில் ஏறும்போது ஐஸ் விரிகிற சத்தம் அது. ஆனால் கயிறு கட்டிய பகுதிக்கு வெளியே, வேறு ஆற்றில், யாரும் இல்லாத இடத்தில் இறங்காதீர்கள். பால்வெள்ளையாகத் தெரியும் ஐஸுக்குத் தெளிந்த ஐஸின் பாதி வலுதான்.

உண்மையில் அங்கே அடிபடுகிறவர்கள் வழுக்கி விழுகிறவர்கள். பூட்ஸ் அடியில் மாட்டும் முள்பட்டையைக் கொரியாவில் 'ஐஜென்' என்று கேட்டால் கடையில் தருவார்கள். மாமியாருக்குக் கட்டாயம்.

ஹாட் பேக்கில் இருப்பது இரும்புத் தூள். காற்றுப் பட்டால்தான் சூடாகும். அதைப் பிரித்தவுடனே இறுக்கமான பூட்ஸுக்குள் திணித்தால் காற்றில்லாமல் அணைந்துபோகும். பஸ்ஸில் இருக்கும்போதே பிரித்துக் குலுக்கி வையுங்கள், ஐஸ் மேல் ஏறும்போது சுடச்சுட இருக்கும். காலுக்கென்று மெல்லிதாகத் தனி வகை விற்கிறது, அதை சாக்ஸுக்கு மேல் ஒட்டுங்கள். தோலில் நேராக ஒட்டினால் மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சுட்டுக் கொப்புளம் வரும். பிள்ளைகளுக்குச் சொல்லவும் தெரியாது.

கால் விறைப்பதற்குக் காரணம் காற்றல்ல, அடியில் இருக்கும் ஐஸ். ஒரு அளவு பெரிய பூட்ஸ், உள்ளே ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ். மூன்று சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சீக்கிரம் விறைக்கும். நிற்கும் இடத்தில் மடக்கும் ஃபோம் பாய் ஒன்றைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். தெர்மல், அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். காலையில் மைனஸ் 10, சில நாள் அதற்கும் கீழே போகும். கையுறை இரண்டு ஜோடி. மீனைக் கழற்றும்போது ஒன்று நனைந்தே தீரும்.

பையன் 40 நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கமாட்டான். நடுவில் சறுக்கு வண்டிக்கு அழைத்துப் போங்கள். உள்ளரங்க ஐஸ் சிற்பக் கூடத்துக்கு மாமியாரையும் கூட்டிப்போகலாம். சீனாவின் ஹார்பின் நகரத்துச் சிற்பிகள் செதுக்குவது.

பதில் 4

தண்ணீரில் இறங்கி வெறுங்கையால் மீன் பிடிக்கும் போட்டியில் சேர ஆசைப்பட்டால் ஒன்று: அரைக்கால் சட்டை, டி-ஷர்ட் அங்கேயே தருவார்கள். உள்ளாடை மாற்று, பெரிய துண்டு இரண்டும் நீங்கள் கொண்டுபோகணும். பிடித்த மீனை டி-ஷர்ட்டுக்குள் போட்டுக்கொண்டு அடுத்ததைத் தேடுவார்கள். மீனை வாயில் கவ்வி போஸ் கொடுப்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கலாம், எனக்கு உடன்பாடில்லை. விலங்குநல அமைப்புகள் இந்த விழாவை எதிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாமியாருக்கு: விழாத் திடலில் சைவம் கிடைப்பது கடினம். காய்கறி பிபிம்பாப் (கலவைச் சாதம்) கிடைத்தாலும் மேலே முட்டை இருக்கும், சைட் டிஷ் கிம்ச்சியில் (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) மீன் சாறு இருக்கும். பிளாஸ்கில் ரசம், ஹாட் கேஸில் சாதம் கட்டிக்கொண்டு போங்கள். மீன் சுடும் கூடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள், வாடை கம்பளியில் ஏறிவிடும்.

போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். வெளிப்பையில் இருந்தால் 40 சதவீத சார்ஜ் இருக்கும்போதே குளிரில் அணைந்துவிடும், திரும்பும் பஸ் டிக்கெட் அதற்குள் இருக்கும்.