புலாவ் உபினில் இருப்பது கிராமமா, காடா?

பாசிர் ரிஸ்வாசி:
ஒரத்தநாட்டிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், பத்தாவது மாடிச் சன்னலருகே நின்றபடி, "இந்த ஊரில் கிணறு என்று ஒன்று உண்டா?" என்று கேட்டார். பள்ளி நாளில் ஒருமுறை போய்வந்த, சிங்கப்பூரின் வடகிழக்கிலுள்ள புலாவ் உபின் தீவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தத் தீவின் வரலாறு என்ன? அங்கே இருப்பது இயற்கையான காடுதானா?

பழைய சாங்கிக்காரர்:
கிணறு உண்டு. குழாய்நீர் இணைப்பில்லாத அத்தீவின் வீடுகளுக்கு இன்றும் கிணற்று நீர்தான். ஆனால், "இயற்கையான காடு" என்பதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உபின், நெடுங்காலம் கருங்கல் வெட்டப்பட்ட தீவு. 1851-இல் பெட்ரா பிராங்கா என்னும் பாறைத்தீவில் ஒளியேற்றப்பட்ட ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், பின்னர் சிங்கப்பூரை மலேசியாவுடன் இணைக்கும் ஜொகூர்க் கடற்பாலத்துக்கும் இங்கிருந்துதான் கல் போயிற்று. கல்லுடைப்பையும் ரப்பர்த் தோட்டங்களையும் நம்பி மலாய், சீனக் குடும்பங்கள் வாழ்ந்தன; 1970-களில் ஏறத்தாழ 2,000 பேர் இருந்தார்கள். வேலை குறையக் குறைய இளையவர்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள். 1985-இல் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. கடைசிக் கல்குவாரி 1999-இல் நின்றது. இன்று எல்லோரும் படமெடுக்கும் பச்சை ஏரிகள் யாவும் மழைநீர் நிறைந்த குவாரிப் பள்ளங்களே. அதனால் அழகு குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.

அலையாத்தி:
ஐயா சொல்வது தீவின் நடுப்பகுதிக்குப் பொருந்தும். கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவாவையும் அதே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. கடற்புல் வெளி, சதுப்புநிலக் காடு, பாறைக்கரை, மணற்கரை, பவளச் சிதைவுகள், கடலோரக் காடு ஆகிய ஆறும் ஓரிடத்தில் கூடியிருப்பது நம் நாட்டில் அரிது. அதை மண் கொட்டி மேடாக்கத் திட்டமிருந்தது. இயற்கை ஆர்வலர்கள் அங்குள்ள உயிரினங்களைப் பதிவுசெய்து எடுத்துரைத்ததையடுத்து, 2001 டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. 2007-இல் மரப்பாலம் திறக்கப்பட்டது. நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். நீரேற்றத்தின்போது போனால் கடலைத் தவிர எதையும் காண முடியாது. சிங்கப்பூரில் வெகுகாலம் காணாமற்போயிருந்த இருவாச்சிப் பறவை 1990-களில் திரும்பிவந்தது உபினுக்குத்தான். காலையில் அதன் கரகரத்த குரல் கேட்கும்.

பாசிர் ரிஸ்வாசி:
இருவருக்கும் நன்றி. மாமனாருக்கு முழங்கால் வலி இருப்பதால் சைக்கிள் ஓட்ட முடியாது. படகுக்கு முன்பதிவு வேண்டுமா?

பழைய சாங்கிக்காரர்:
வேண்டாம். சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். சில்லறைப் பணம் வைத்திருங்கள். அக்கரையில் வேன் வாடகைக்குக் கிடைக்கும்.

பாசிர் ரிஸ்வாசி:
ஞாயிறு காலை போகிறோம். வாளியில் கயிறு கட்டி இறைக்க விடுவார்களா என்று மாமனார் கேட்கிறார்.